கோகிலாம்பாள் தட்டின் கடைசி ஏழு நொடி

செப்டம்பர் 3, திங்கள்

காலைச் சர்க்கரை 148. தினமும் குறித்து வைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. ஒரு எண்ணுக்காக ஒரு பக்கத்தை வீணடிப்பானேன் என்று மீதி இடத்தில் வேலையையும் எழுதலாம் என்றிருக்கிறேன். "எழுத ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்களே" என்கிறாள் பிலோமி. முப்பத்தாறு வருஷமாகக் கூட இருப்பவள், தெரியாமலா சொல்வாள்.

கூடல் ஒலிப்பதிவகத்தில் இன்று புது வேலை தொடங்கியது. பெரிய முதலாளி கண்ணை மூடி நான்கு வருஷமாகிறது. இப்போது அவர் மகள் மங்கைதான் எல்லாம். பழைய தெம்மாங்கு இசைத்தட்டுகளை மறுபடி வெளியிடப் போகிறாள். நாடகப் பாட்டு, கீர்த்தனை எல்லாம் ஊரே போட்டுத் தீர்த்துவிட்டது. காட்டிலும் களத்திலும் பாடிக்கொண்டிருந்தவர்களை அந்தக் காலத்துக் கம்பெனிகள் பிடித்து வந்து பாடவைத்த தட்டுகளை மட்டும் யாரும் சீந்தவில்லை. அப்படிப் பதினான்கு தட்டுகள். கூடவே ஒரு புத்தகம், பாடியவர்களைப் பற்றி.

கழுவுவது என் பொறுப்பு. காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய பிரஷ். போன வருஷம் யாரோ ஒரு சேகரிப்பாளர் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து அனுப்பியிருந்தார். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும், அரக்கோடு பாட்டும் கரையும். இதுகூடத் தெரியாமல் சேகரிக்க வந்துவிடுகிறார்கள்.

பதின்மூன்று தட்டுகள் கைவசம் இருக்கின்றன. ஒன்பதாவது, மதுரை மிஸ் கோகிலாம்பாள் பாடிய கம்பங்காட்டுத் தெம்மாங்கு, 1936, மான்தலை மார்க் கம்பெனி. அதற்குத் தட்டு கிடையாது. 1994இல் கேசட் போட்டபோது நான் எடுத்த ஸ்பூல் டேப் மட்டும்தான். தட்டு அப்போதே உடைந்துவிட்டது.

செப்டம்பர் 5, புதன்

152. நேற்று பிலோமியின் தங்கை கொண்டுவந்த அல்வா. ஒரு துண்டுதான் தின்றேன் என்று எழுதினால் பொய்.

செப்டம்பர் 7, வெள்ளி

ஒன்பதாவது பாட்டின் ஸ்பூலை மங்கையே மாட்டி ஓட்டினாள். நான் ஓட்டுகிறேன் என்றேன், கேட்கவில்லை. கடைசியில் டேப்பைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அங்கிள், இங்க ஒட்டு இருக்கு பாருங்க. பாட்டு முடிஞ்ச உடனே."

"டேப் அறுந்திருக்கும்மா. ஒட்டியிருக்கேன்."

"இதுல பேர் சொல்றது இல்லையே? மான்தலைத் தட்டுன்னா கண்டிப்பா பேர் சொல்லுவாங்களே."

"தட்டு கடைசியில தேஞ்சு போயிருந்துச்சு."

அறுந்தது என்றும் சொல்லி, தேய்ந்தது என்றும் சொல்லிவிட்டேன். இரண்டில் ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

பேர் சொல்வது பற்றி எழுத வேண்டும். பதிவு இங்கே நடக்கும், தட்டு அச்சாவது எங்கேயோ தொலைதூரத்தில். அங்கே தமிழ் படிக்க ஆள் கிடையாது. எந்தத் தட்டுக்கு எந்த லேபிள் ஒட்டுவது என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்காகப் பாட்டு முடிந்த கையோடு பாடியவரே தம் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அச்சடிக்கிறவன் காதால் கேட்டு, பெயரைப் பிடித்து, லேபிளை ஒட்டுவான். மற்ற கம்பெனிகள் இந்தப் பழக்கத்தை விட்ட பிறகும் மான்தலைக்காரர்கள் விடவில்லை. ஆக, லேபிள் ஒன்று சொல்லி, தட்டின் குரல் வேறொன்று சொன்னால், குரல் சொல்வதுதான் நிஜம், லேபிள் தப்பாக ஒட்டப்பட்டது என்று அர்த்தம். அப்படி லேபிள் மாறிய தட்டுகள் இரண்டை நானே கண்டுபிடித்திருக்கிறேன். இந்த விஷயத்தில் மதுரையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

செப்டம்பர் 12, புதன்

இன்று வீரணன் வந்தார்.

இருபத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த ஒன்பதாவது தட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். பாடியவரின் மகன். புத்தகத்துக்கு விவரம் கேட்பதற்காக மங்கை வரவழைத்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். வயது எண்பத்துநான்கு. செல்லூரிலிருந்து தனியாக ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். பஞ்சாலையில் நாற்பது வருஷம் தறி ஓட்டிய மனிதர். இடது காதைத் தறிச் சத்தமே தின்றுவிட்டது. வலது காதில் மிஷின்.

"தம்பி, என்னையத் தெரியுதா? வேட்டியில சுத்திப் பிளேட்டு கொண்டாந்தேனே!"

தெரியாமல் என்ன. உள்ளே ஓடிவிடலாமா என்றிருந்தது. "வாங்கய்யா" என்றேன்.

மங்கை பாட்டைப் போட்டுக் காட்டினாள். மிஷினைக் கழற்றிவிட்டு ஹெட்போனை வலது காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்தது. எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"இம்புட்டுத்தானா? கடேசில அம்மா பேசுமே?"

மங்கை என்னைப் பார்த்தாள். நான் டர்ன்டேபிளைத் துடைத்தேன்.

"எனக்கு நாலு வயசுல அம்மா போயிருச்சு தாயி," என்று அவளிடம் சொன்னார். "மொகம் ஞாபகமில்ல. போட்டோ எடுத்ததில்ல. ஏழு வயசு வரைக்கும் வீட்டுல பாட்டுப் பொட்டி இருந்துச்சு, அப்பா வச்சுக் காட்டுவாரு. பெறகு வித்துட்டாரு. பாட்டு முடிஞ்சதும் அம்மா என்னமோ பேசும். என்னா பேசும்னு மறந்துபோச்சு, பேசுச்சுங்கறது மட்டும் இருக்கு. பாடுறது ஊருக்கே பாடுது. பேசுனா வீட்டுல இருக்க ஆள் பேசுற மாதிரி இருக்கும்ல?"

"கேசட்டுல அது வரலீங்களா?"

"வரல. பிளேட்டு தேஞ்சிருச்சுன்னு தம்பி சொல்லுச்சு. சரின்னு விட்டுட்டேன். இப்ப வலது காதும் போகுது. நரம்பு செத்துக்கிட்டே வருதாம். கேக்க வேண்டியதை எல்லாம் சீக்கிரம் கேட்டுக்கங்கன்னுட்டாரு டாக்டரு. எனக்கு வேற என்னாத்தக் கேக்கணும்? இது ஒண்ணுதான்."

வேறு எவரிடமாவது இதே தட்டு இருக்கிறதா என்று தேடுவதாக மங்கை வாக்குக் கொடுத்தாள். புத்தகத்துக்கான படிவத்தை நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. பிறந்த ஊர், இறந்த வருஷம், தொழில் எல்லாம் கேட்டு எழுதினேன். பாடகர் பெயர் என்ற கட்டத்தை மட்டும் அவரிடம் கேட்காமல் லேபிளில் உள்ளபடி நானே எழுதிக்கொண்டேன். அந்தப் பேச்சே வேண்டாம் என்றிருந்தது.

செப்டம்பர் 13, வியாழன்

தெருவெல்லாம் பிள்ளையார். ஸ்பீக்கர் சத்தத்தில் பதிவு வேலை ஓடாது என்று விடுமுறை.

94இல் நடந்ததைச் சரியாக எழுதி வைக்கிறேன். வீரணன் தட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. பாதியில் அவரால் தாங்க முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைசிப் பகுதியை நான் மட்டுந்தான் கேட்டேன். அது பயன்படுத்துகிற மாதிரி இல்லை. அதனால் சேர்க்கவில்லை. தட்டு வரும்போதே விரிசலோடு வந்தது, பிறகு உடைந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

செப்டம்பர் 20, வியாழன்

139. காரைக்குடியில் ஒருவரிடம் கோகிலாம்பாள் தட்டு இருக்கிறது என்று மங்கைக்குத் தகவல். ஆளை அனுப்பி வாங்கி வந்துவிட்டாள். தட்டு வந்து சேரும்வரை எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. பார்த்தால் மான்தலை மார்க்தான், ஆனால் பாடியவர் வேறு, பாட்டும் வேறு. காரைக்குடிக்காரர் பெயரைச் சரியாகப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வந்தது நிம்மதியா வருத்தமா என்று தெரியவில்லை. நிம்மதிதான். ஏன் மழுப்ப வேண்டும்.

செப்டம்பர் 26, புதன்

பிலோமி ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். பரண்மேல் இருந்த பிஸ்கட் டின்னை இறக்கினேன். பழைய பாஸ்போர்ட், அப்பாவின் மரணச் சான்று, இவற்றுக்கு அடியில் ஒரு காகித உறை. உறைக்குள் ஒரு துண்டு டேப், நீளம் ஒன்றே கால் மீட்டர்.

ஆமாம், வைத்திருக்கிறேன். வெட்டினேனே தவிர எறியவில்லை. ஒரு குரலை எறிகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

வீட்டிலிருக்கும் பழைய மிஷினில் மாட்டிக் கேட்டேன். ஏழு நொடி. "பாடுனது குருவம்மா! எம் பேரு குருவம்மா!" இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் இன்னும் உரக்க ஏறுகிறது. பின்னால் தூரத்தில் ஒரு ஆண் குரல், "ஏய், ஏய்" என்பது போல. போதும், நிறுத்து என்று பதிவுக்காரன் சொல்கிறான் போலிருக்கிறது. பிறகு ஊசி தூக்கும் சத்தம்.

குருவம்மா. கோகிலாம்பாள் இல்லை. லேபிள் மாறிப்போன தட்டு. வீரணனின் அம்மா பாடிய தட்டு எங்கேயோ எவள் பெயரிலோ போய்விட்டது, எவளோ ஒரு குருவம்மாவின் தட்டில் அவர் அம்மாவின் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த மனிதர் முகம் தெரியாத அம்மாவின் குரல் என்று அறுபது வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது யாரோ ஒருத்தியின் குரல். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? பிளேடை எடுத்தேன், வெட்டினேன். பாவம் பார்த்துத்தான் செய்தேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

அக்டோபர் 2, செவ்வாய்

தட்டு விரிசலோடு வந்தது என்று எழுதியிருக்கிறேன். அப்படி வரவில்லை. நன்றாகத்தான் வந்தது. என் கையில் உடைந்தது.

காந்தி ஜெயந்தி விடுமுறை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பழைய நாடகக் கலைஞர் ஒருவர் வீட்டுக்குப் போய், முப்பதுகளில் குருவம்மா என்று யாராவது பாடியதாகக் கேள்விப்பட்டதுண்டா என்று விசாரித்தேன். அவரிடம் அவர் அப்பா காலத்துப் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. இரண்டு முறை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கோகிலாம்பாளும் அதில் இல்லை. தெம்மாங்குக்காரிகளை யார் பட்டியல் எழுதி வைத்தார்கள்?

இத்தனை வருஷமாக வீரணனைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறேன். இன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் குருவம்மாவை நினைத்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகத் தன் பெயரைக் கத்திச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஏழு நொடிதான். நான் அவள் வாயைப் பொத்தியிருக்கிறேன்.

அக்டோபர் 9, செவ்வாய்

வீரணன் மறுபடி வந்தார். இந்த முறை மங்கை இல்லை. மழையில் நனைந்து வந்திருந்தார். துண்டு கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, கோவிச்சுக்காத. ஒருக்கா நல்லாத் தேடிப் பாரு. அப்ப எடுத்த டேப்புல எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"தேடிட்டோம்யா."

"என்னா?"

காது அருகில் போய்க் கத்த வேண்டியிருந்தது. போன மாதம் இவ்வளவு மோசமில்லை.

"தேடிட்டோம்யா! இல்ல!"

தலையாட்டினார். திட்டியிருந்தால் தேவலை. "நீ என்னா பண்ணுவ" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு இன்னும் முதுகில் இருக்கிறது. நான் ஒரு கேடுகெட்டவன்.

அக்டோபர் 14, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போனேன். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

உடைந்தது என்று எழுதியதும் பொய். உடைத்தேன். டேப்பை வெட்டிய பிறகு தட்டைத் திருப்பிக் கொடுத்தால் அவர் வேறு எங்காவது போட்டுக் கேட்டுவிடுவார் என்று தோன்றியது. கேட்டால் தெரிந்துவிடும். மேசை விளிம்பில் வைத்து ஒரே அழுத்து. அரக்குத் தட்டு உடைவதற்குப் பலம் எதுவும் தேவையில்லை. நான்கு துண்டு. ஒட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து துண்டுகளைக் கிருதுமால் வாய்க்காலில் போட்டேன். ஐயோ கை தவறிவிட்டதே என்று அவர் எதிரில் தலையில் அடித்துக்கொண்டேன். அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்.

வாழ்நாளெல்லாம் தட்டுகளைக் காப்பாற்றியவன் என்று என்னைச் சொல்வார்கள். ஒரு தட்டை உடைத்தவன் என்று இன்றுதான் எழுதுகிறேன்.

மத்தியானம் சோறு போடும்போது பிலோமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பாவம் பாத்தேன் பாவம் பாத்தேன்ங்கறீங்களே, அந்தாளு உங்ககிட்ட வந்து பாவம் பாருங்கன்னு கேட்டாரா?"

"உண்மையைச் சொன்னா உடைஞ்சு போயிருவாருடி."

"அதுக்கு நீங்க பிளேட்டை உடைச்சீங்களாக்கும்! ஏங்க, அது அவரு அம்மா, இல்ல அவரு அம்மா இல்ல. எதுவா இருந்தாலும் அவருதான தெரிஞ்சுக்கணும்? நடுவுல நீங்க யாரு?"

ரசம் ஆறிப்போனது.

அக்டோபர் 16, செவ்வாய்

மங்கையிடம் உறையைக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தட்டை உடைத்ததையும் சொன்னேன். ஏழு நொடியை நான்கு தடவை போட்டுக் கேட்டாள். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எங்கப்பாவுக்கு இது தெரிஞ்சிருந்துச்சா அங்கிள்?"

"தெரியாது."

"அது ஒண்ணாவது நல்லதாப் போச்சு." கண் கலங்கியிருந்தது, கோபத்தில். "நான் சின்னப் பிள்ளையில இங்க வந்து உக்காந்து, தட்டை எப்பிடித் தூக்கணும்னு கத்துக்கிட்டது உங்ககிட்ட."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இது பாட்டோட சேர்ந்து வெளிய வரும்," என்றாள். "குருவம்மா பேரைத்தான் போடுவோம். நம்ம முழுங்க முடியாது. ஆனா அந்தப் பெரியவரு புத்தகத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. நீங்களே போய்ச் சொல்லுங்க. நாளைக்கே போங்க. காது இருக்கும்போதே கேட்டுட்டுப் போகட்டும், யார் குரலா இருந்தாலும்."

ஏழு நொடியை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

அக்டோபர் 17, புதன்

மழை. போகவில்லை.

அக்டோபர் 18, வியாழன்

ஆயுத பூஜை. டர்ன்டேபிளுக்கும் டேப் மிஷினுக்கும் சந்தனம் வைத்தார்கள். நல்ல நாளில் போய் இதைச் சொல்வதா?

அக்டோபர் 19, வெள்ளி

161. முழங்கால் வலி.

அக்டோபர் 22, திங்கள்

போயிட்டு வந்தீங்களா என்று மங்கை கேட்டாள். நாளை என்றேன். முழங்கால் வலி வெள்ளிக்கிழமையே போய்விட்டது.

அக்டோபர் 24, புதன்

செல்லூர் போய் வந்தேன்.

பஸ்ஸில் போகும்போது வாக்கியங்களைத் தயார் செய்தேன். முதலில் லேபிள் மாறுவது எப்படி என்று விளக்குவது, பிறகு அந்தக் காலத்துக் கம்பெனிகளைப் பற்றிச் சொல்வது, பிறகு மெதுவாக விஷயத்துக்கு வருவது.

கதவைத் திறந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். வீரணனின் மகள் பேச்சியம்மா. நான் அவளைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. "யாருங்க?" என்றாள். எனக்கு உடம்பு ஒரு கணம் விறைத்துவிட்டது. ஏன் என்று அப்போது பிடிபடவில்லை. யார் என்று சொன்னேன்.

"உள்ள வாங்க. ஆனா அப்பாகிட்டப் பேச முடியாதுங்க. எழுதித்தான் காட்டணும்."

"ஏம்மா?"

"ஞாயித்துக்கிழமை காலைல எந்திரிச்சாரு. ஏன் எல்லாரும் மெதுவாப் பேசுறீங்கன்னாரு. அம்புட்டுத்தான். மிசினை மாத்திப் பாத்தாச்சு, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போயாச்சு. சுத்தமா இல்லைன்னுட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் புதன்கிழமை இருந்தது, வியாழன் இருந்தது, வெள்ளி இருந்தது, சனியும் இருந்தது. நான்கு நாள் அந்தக் காது வேலை செய்துகொண்டிருந்தது. நான் வீட்டில் உட்கார்ந்து மழை என்றும் முழங்கால் என்றும் எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். வீரணன் பார்த்துவிட்டார்.

"வா தம்பி! வா வா!" தன் குரல் தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். ஒரு பள்ளிக்கூட நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "எழுது."

தயார் செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. எழுதினேன்: "கடைசி ஏழு நொடி என்னிடம் இருக்கிறது. 94இல் நான்தான் வெட்டினேன். தட்டைக் கை தவறி உடைக்கவில்லை, வேண்டுமென்றே உடைத்தேன். அதில் பாடியவர் சொல்லும் பெயர் கோகிலாம்பாள் இல்லை. லேபிள் மாறிவிட்டது. அது உங்கள் அம்மாவின் குரல் இல்லை. நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்று மறைத்தேன்."

விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்து முடித்துத் திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"என்னா பேரு சொல்லுது?"

எழுதினேன்: "குருவம்மா."

அந்த வார்த்தையின் மேலும் விரலை ஓட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"எங்கம்மா பேரு அதான்யா."

நான் பேச்சியம்மாவைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினாள். "அப்பத்தா பேரு குருவம்மாதாங்க. குலசாமி பேரு."

"கோகிலாம்பாளுங்கறது கம்பெனிக்காரன் வச்சது," என்றார் வீரணன். "குருவம்மான்னு போட்டா எவன் பிளேட்டு வாங்குவான்னானாம். அம்மாவுக்கு ஆகவே இல்ல, வீட்டுக்கு வந்து அவனை ஏசித் தீத்துருச்சுன்னு அப்பா சொல்லுவாரு. கேசட்டுலயும் அதே பேரு போட்டிருந்துச்சு. பிளேட்டுல இருக்கறதத்தான போடுவாங்கன்னு நானும் விட்டுட்டேன்."

எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. கோகிலாம்பாள் என்று சொல்லச் சொல்லிக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். பாட்டு முடிந்ததும் அவள் தன் பெயரைச் சொல்லிவிட்டாள். "ஏய், ஏய்" என்று ஒருவன் தடுத்திருக்கிறான், அதற்கு மேலே இன்னும் சத்தமாக இரண்டாவது தடவையும் சொல்லியிருக்கிறாள். குருவம்மா என்று லேபிள் கிடையாது, மிச்சமிருந்த கோகிலாம்பாளை அச்சுக்காரன் ஒட்டியிருப்பான். லேபிள் மாறவே இல்லை. விஷயம் தெரியாத எவனாவது அன்றைக்கு அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தால், யாருய்யா இந்தக் குருவம்மா என்று வாசலில் நின்றவரிடம் கேட்டிருப்பான். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அதையேதான் அவரும் கேட்டார். கோபமில்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"ஏன் தம்பி, உங்கம்மா பேரு என்னான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

பேனா கையில் இருந்தது. மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன். படித்துவிட்டு நோட்டைத் திருப்பித் தள்ளினார். போனைக் காட்டினேன். வாங்கி வலது காதில் வைத்து அழுத்தினார். சத்தத்தை முழுக்க ஏற்றினேன். அந்தச் சின்ன அறையில் குருவம்மாவின் பெயர் இரண்டு தடவை கேட்டது. பேச்சியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வீரணன் இடது காதுக்கு மாற்றிப் பார்த்தார். நெற்றியில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டார்.

"எப்பிடிச் சொல்லுது? எழுது."

எழுதினேன்: "பாடுனது குருவம்மா, எம் பேரு குருவம்மா. ஒருவன் தடுக்கிறான். நிறுத்தவில்லை. இரண்டாவது தடவை இன்னும் சத்தமாக."

"கொரலு எப்பிடி?"

நாற்பது வருஷம் குரல்களோடு கிடந்தவன் நான். கனம், மென்மை, மூக்கொலி என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். ஒரு வார்த்தை வரவில்லை. அப்போதுதான் பேச்சியம்மா, "அவரால முடியலப்பா, விடுங்கப்பா" என்றாள், கேட்காது என்பதை மறந்து. வாசலில் நான் ஏன் விறைத்துப் போனேன் என்று புரிந்துவிட்டது. அடித்தொண்டையில் அதே கரகரப்பு, வார்த்தை முடிகிற இடத்தில் அதே இழுப்பு. குரல் விஷயத்தில் எனக்குத் தப்பாது என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் இது சத்தியம்.

"உங்கள் மகளின் குரல்" என்று எழுதினேன்.

படித்தார். மகளைக் கையைப் பிடித்து இழுத்து எதிரில் உட்காரவைத்தார்.

"சொல்லுத்தா. எம் பேரு குருவம்மான்னு சொல்லு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எம் பேரு குருவம்மா" என்றாள்.

"இன்னொருக்கா. சத்தமா."

"எம் பேரு குருவம்மா!"

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு வருஷத்துக்கு முந்திய அதே குரல், ஒரு கீறல் இரைச்சல்கூட இல்லாமல் அறையில் நின்றது. அவருக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.